ஜீப்புக்கு வின்ச் பூட்டியவர்

அவர் எதையும் ஒருமுறைதான் சொல்வார். சத்தமாகச் சொல்வதும் இல்லை. கையில் உள்ள வேலையை விடாமல், நட்டைத் திருகிக்கொண்டே ஒரு வசனம். கேட்டவர் கேட்டார், கேளாதவர் கேளாமல் போனார். "என்ன அண்ணை சொன்னனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டால் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடியும் எஞ்சினுக்குள் குனிந்துவிடுவார்.

அவருடைய கராஜ் சுன்னாகத்தில் சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. சொந்த ஊர் நீர்வேலி, வாழைத்தோட்டப் பக்கம். வெங்காயம் ஏற்றும் லொறிக்காரர்கள் அவரை 'ரேடியோ' என்று சொல்வார்கள். செய்தி வாசித்து முடிந்தால் முடிந்ததுதான், திருப்பி வாசி என்று கேட்க ஏலாது என்பது பகிடி. அவர் காதுபடவே சொல்வார்கள். 

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் உழவு இயந்திரத்தை அவரிடம்தான் திருத்தக் கொடுப்போம். ஒருநாள் நான் அங்கே வாங்குப் பலகையில் இருந்தபோது ஒரு லொறிக்காரர் வந்து கத்தினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் சில்லு கழன்று, லொறி சரிந்து, மூட்டையெல்லாம் வீதியில் கொட்டிவிட்டதாம்.

"போன கிழமைதானே உம்மட்டை விட்டனான்! பேரிங் போகப்போகுது எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதே?"

"சொன்னனான்."

"எப்ப சொன்னனீர்?"

"நீர் போனிலை கதைக்கேக்கை."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சரிவில் யாராவது நசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

கராஜுக்குப் பின்னாலேயே வீடு. அவருடைய மனைவிக்கு ஷெல் விழுந்த ஒரு நாளில் இருந்து ஒரு காது முற்றாகக் கேட்காது, மற்றக் காது அரைகுறை. அந்த அக்காவுக்கும் அவர் ஒருமுறைதான் சொல்வார். தேநீர் கொண்டுவந்து தரும்போது அவ என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னா: "இந்த மனுசன் வாய் திறந்தால் நான் அவரின்ரை வாயையே பாத்துக்கொண்டு நிப்பன் தம்பி. அடுப்பிலை கறி அடிப்பிடிச்சாலும் திரும்பமாட்டன். தவறவிட்டால் பேந்து ஆரிட்டைக் கேக்கிறது?"

அவ சிரித்ததால் நானும் சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. காது கேளாத பெண்ணுக்கு இன்னொருதரம் சொன்னால் வாய் தேய்ந்தா போகும் என்று மனதுக்குள் நினைத்தேன்.

ஏன் இப்படி என்று அவரே ஒருநாள் சொன்னார். நான் கேட்கவில்லை. மழைக்கு வாடிக்கையாளர் யாரும் வராமல் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம்.

"ஒரே கேள்வியை நூறுதரம் கேட்டு, ஒரே மறுமொழியை நூறுதரம் சொல்லவைச்ச ஒரு இடத்திலை நான் எட்டு மாதம் இருந்தனான் தம்பி."

சொல்லிவிட்டுக் கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்தார். எங்கே, எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு அவரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து வடிவாக இருக்கிறது என்று என்னைச் சங்கத்துக்குச் செயலாளராக்கினார்கள். கூட்டத்தில் எழும்பிக் கதைக்கத் தேவையில்லை, எழுதினால் போதும் என்று தலைவர் சொன்னபடியால்தான் ஒப்புக்கொண்டேன். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்வேன்.

எங்கள் கரை வெறும் மணல். வாடைக்காற்று தொடங்கினால் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும். முன்பு ஆட்கள் தோள் கொடுத்தார்கள். இப்போது இளம் ஆட்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். அவர்களில் கனடாவில் இருக்கும் ஒருவர், நாலு சில்லும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கித் தந்தார். வள்ளம் இழுக்க அதன் முன் பம்பரில், கம்பியை உருளையில் சுற்றி இழுக்கிற ஒரு வின்ச்சும் பூட்டித் தருவதாகச் சொன்னார். எது வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது.

தலைவரும், ஜீப் ஓட்டுகிற றொபேட்டும், நானும் சுன்னாகம் போனோம். தலைவர் போனில் ஒரு படம் வைத்திருந்தார். கறுப்புப் பெட்டி, மினுங்குகிற உருக்குக் கம்பி, பக்கத்தில் பெரிய எழுத்தில் பன்னிரண்டாயிரம் இறாத்தல் இழுவை.

"இதிலும் பெரிசு கடையிலை இல்லை அண்ணை. இதையே சொல்லுவம் எண்டு இருக்கிறம்."

அவர் படத்தைப் பார்த்தார். "உந்த இழுவை உருளையிலை கம்பி கடைசிச் சுத்திலை நிக்கேக்கைதான். நிறையச் சுத்தியிருந்தால் அவ்வளவு இழுக்காது. பற்றரி என்ன சைஸ்?"

றொபேட் ஜீப்பின் மூடியைத் திறந்து காட்டினான். அவர் பார்த்துவிட்டுப் பெரிய பற்றரி போட வேண்டும் என்றார். பிறகு, "ஜீப்பை எங்கை கட்டுவியள்?" என்று கேட்டார்.

தலைவர் சிரித்தார். "வள்ளத்தை இழுக்கத்தானே வின்ச். ஜீப்பை ஏன் அண்ணை கட்டுவான்?"

அவர் மூடியை இறக்கிச் சாத்தினார். அவருடைய கேள்வி எதற்கு என்று எங்களுக்குக் கையளிப்பு விழாவில்தான் விளங்கியது. பாதர் ஜீப்பை மந்திரித்தார். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக் கனடாவுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். தலைவர் பொத்தானை அமத்தினார். கம்பி இறுகியது. வள்ளம் அசையவில்லை. ஜீப்தான் மணலை உழுதுகொண்டு மெல்ல மெல்ல வள்ளத்தை நோக்கிப் போனது.

"ஐயோ, ஜீப் கடலுக்குப் போகுது! தொழிலுக்குப் போகுதாக்கும்!" என்று பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாளே மணலில் கிடங்கு வெட்டி ஒரு பழைய லொறிச் சில்லைப் புதைத்து, அதில் ஜீப்பின் பின்பக்கத்தைக் கட்டினோம். அதற்குப் பிறகு சரியாக இழுத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது படத்தோடு போன அன்று கராஜில் நடந்த மற்றக் கதையை. புறப்படும் நேரம் அவர் சொன்னார்: "கம்பி வேண்டாம். கயிறு போடுங்கோ. இப்ப வின்ச்சுக்கெண்டே இழைக்கயிறு வருது."

தலைவருக்கும் றொபேட்டுக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களுக்குக் கயிறு என்றால் தினமும் கையில் புழங்குகிற சாமான். வலையில், நங்கூரத்தில், வள்ளத்தில் எல்லாம் அதுதான். இற்றுப் போனால் அறுத்துக் குப்பையில் எறிவோம். அதைக் கொண்டுவந்து புது வின்ச்சில் சுற்றுவதா? அதைப் படம் எடுத்துக் கனடாவுக்கு எப்படி அனுப்புவது?

"அண்ணை, நீர்வேலியிலை வாழைக்குலை கட்டுற கயிறெண்டு நினைச்சியளோ?" என்றார் தலைவர். "நாங்கள் கயிற்றிலை பிறந்து கயிற்றிலை வளந்த ஆக்கள். கயிற்றைப் பற்றித் தோட்டக்காரன் வந்து எங்களுக்குச் சொல்லித்தரப் போறாரோ?"

றொபேட் இன்னும் பலமாகச் சிரித்தான். அவன் நல்லவன், ஆனால் தலைவர் பகிடி விட்டால் சிரிக்காமல் இருக்கமாட்டான். ஏன் கயிறு நல்லது என்று அவர் சொல்ல வாய் எடுத்திருந்தார். அந்த வாய் மூடிக்கொண்டது. "சரி" என்றார். கனடாவில் இருந்து காசு வந்ததும் கம்பியோடு வந்த வின்ச்சை அவரே பூட்டினார். வேண்டாம் என்று நினைத்த சாமானை ஏன் பூட்டினார் என்று நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். வேலை வந்தது, செய்தார். அவ்வளவுதான் போல.

பூட்டி முடிந்த அன்று மற்ற இருவரும் தேநீர்க் கடைக்குப் போனார்கள். நான் கூச்சத்தில் எந்தக் கடைக்கும் சேர்ந்து போவதில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் எழுதுற ஆளல்லோ. இதை எழுதும்."

வின்ச் வந்த பெட்டியின் மட்டையில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தார். நான் எழுதினேன். அவர் சொன்னது இதுதான்:

"உப்புத்தண்ணி பட்டால் கம்பி உள்ளாலை துருப்பிடிக்கும். வெளியிலை தெரியாது. இந்த வாடை தாங்கும். அடுத்த வாடைக்கு முதல் கழட்டிப்போட்டுக் கயிறு போடுங்கோ. கயிறு அறுந்தால் விழுந்து கிடக்கும். கம்பி அறுந்தால் திரும்பி வந்து ஆளை வெட்டும். இழுக்கேக்கை அதுக்கு மேலை நடுவிலை ஈரச்சாக்குப் போடுங்கோ. ஒருத்தரும் கிட்ட நிக்கக்கூடாது. சங்கத்திலை சொல்லும்."

அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்ததை நான் கேட்டதே இல்லை. மட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். "சொல்லுறன் அண்ணை" என்றேன்.

அந்த வாடையில் கம்பி தாங்கியது. அடுத்த வாடைக்கு முன் சங்கக் கூட்டம் வந்தது. நான் மட்டையைத் தேடி எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அன்று கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி யார் கட்டுவது என்று இரண்டு மணித்தியாலம் சண்டை. எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் தலைவர் கேட்டார்: "வேறை ஏதும் இருக்கோ?"

நான் பாதி எழும்பினேன். பின்னால் இருந்து ஒரு குரல்: "செக்கிரெட்டரிக்குக் கதிரையிலை எறும்பாக்கும்!"

கூட்டம் சிரித்தது. நான் எறும்பைத் தட்டிவிடுவதுபோலக் கதிரையைத் தட்டிவிட்டு அதிலேயே இருந்துவிட்டேன். கூட்டக் குறிப்பில், "வேறு விடயங்கள் எதுவும் இல்லை" என்று எழுதினேன்.

றொபேட்டிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லுவம் என்று இருந்தேன். அவனைக் காணும்போதெல்லாம் சுற்றிவர நாலு பேர் நின்றார்கள். தலைவரிடம் சொன்னால் 'உமக்கென்ன தெரியும்' என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஐந்து கிழமை போனது.

காற்று எழும்பிய ஒரு பின்னேரம் ஏழு வள்ளங்களை இழுக்க வேண்டியிருந்தது. ஆறாவது வள்ளம் எஞ்சினோடும் நனைந்த வலையோடும் வந்தது. உருளையில் கம்பி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க றொபேட் கிட்ட நின்றான். தகரத்தில் கல் விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. கம்பி வந்ததை ஒருவரும் காணவில்லை. றொபேட் மணலில் இருந்ததைத்தான் கண்டோம். அவனும் தன் காலைப் பார்க்காமல் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு நான் அறுந்த கம்பியை எடுத்துப் பார்த்தேன். வெளி இழைகள் மினுமினுவென்று இருந்தன. உள்ளே கைபட்டதும் செம்மண்போலத் துரு கொட்டியது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

கனடாவில் இருந்து கேள்வி வந்தது. என்ன நடந்தது, யாருடைய பிழை, எழுத்தில் அனுப்புங்கள் என்று. தலைவர் கூட்டம் வைத்து, வின்ச் பூட்டியவரையும் வரச் சொன்னார். அவர் வந்தார். சுன்னாகத்தில் இருந்து அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில், வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு. மண்டபத்தின் முன்னால் தனியாக ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அதில் இருத்தினார்கள்.

"கம்பி வேண்டாம் எண்டு சொன்னனீங்கள், நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்று தலைவர் தொடங்கினார். "ஆனால் ஏன் எண்டு சொன்னனீங்களோ? உள்ளாலை துருப்பிடிக்கும், அறுந்தால் ஆளை வெட்டும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

"ஆருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. வாங்கில் இருக்கிற ஆளிடம் நட்டுக் கழற்றுகிற ஒரு சாவியைக் கேட்டுவிட்டு, எடுத்துத் தரட்டும் என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்துக்கு மேலே குனிந்துகொண்டேன்.

"உங்களைத்தான் கேக்கிறன் அண்ணை. ஆருக்குச் சொன்னனீங்கள்?"

 எனக்கு என் பேனையின் நுனிதான் தெரிந்தது.

"பாத்தியளே, மறுமொழி இல்லை!" என்றது ஒரு குரல். "ஒரு பொடியனைக் காலில்லாமல் ஆக்கிப்போட்டு வாய் திறக்கிறாரில்லை!" என்றது இன்னொன்று. றொபேட்டின் தாய் அழத் தொடங்கினா. அவர் எழும்பினார். "போட்டுவாறன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. அதை உதைக்கிற சத்தத்தை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தலைவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன்: "ஆபத்துப் பற்றி பொருத்துநர் எவருக்கும் முன்னறிவித்தல் வழங்கவில்லை என்பது தெரியவந்தது." வடிவான கையெழுத்து. அதுதான் கனடாவுக்குப் போனது.

அதற்குப் பிறகு எங்கள் கரையில் இருந்து ஒரு வேலையும் அவரிடம் போகவில்லை. பக்கத்துக் கரைகளுக்கும் கதை போனது. கால் போன கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். இங்கே அந்தப் பெயரை நான் எழுதாமல் விடுவதற்கு அதுதான் காரணம். அது போகக்கூடாத இடமெல்லாம் போய்விட்டது.

அடுத்த ஆவணி மாதமளவில் நான் சுன்னாகத்துக்குப் போனேன். வீட்டில் வெங்காயம் வாங்க என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்பது என்று பஸ்ஸில் இருந்தே சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன். கராஜில் ஒரு லொறியும் இல்லை. ஒரு பழைய ஸ்கூட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"இரும்" என்றார். நான் வாங்கில் இருந்தேன்.

"அந்தத் தம்பின்ரை கால்?"

"பொய்க்கால் போட்டிருக்கினம் அண்ணை. நடக்கிறான்."

தலையாட்டினார். நான் அடுக்கிக் கொண்டுவந்த சொற்களில் முதலாவதை எடுத்தேன். "அண்ணை, அண்டைக்குக் கூட்டத்திலை…"

"இப்ப என்ன பூட்டியிருக்கிறியள்?"

"என்ன அண்ணை?"

நான் சரியாகக் கேட்காமல்தான் அப்படிக் கேட்டேன். கேட்டபிறகுதான் என் பிழை விளங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வின்ச்சிலை. இப்ப என்ன பூட்டியிருக்கிறியள்?" என்றார்.

"புதுக் கம்பி. முந்தினதைவிடத் தடிப்பு. தலைவர்தான்…"

அவர் கையில் இருந்த சாவியைக் கீழே வைத்தார். வேலை செய்யும்போது அவர் சாவியைக் கீழே வைத்ததை நான் அதுவரை கண்டதில்லை. எழும்பி வந்து எனக்கு எதிரே நின்றார்.

"தடிச்ச கம்பியும் உள்ளாலை துருப்பிடிக்கும் தம்பி. வெளியிலை தெரியாது. வாடைக்கு முதல் கழட்டிப்போட்டுக் கயிறு போடச் சொல்லும். நடுவிலை ஈரச்சாக்குப் போடச் சொல்லும். ஒருத்தரையும் கிட்ட நிக்க விடாதையும். விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை."

"திருப்பிச் சொல்லும் பாப்பம்."

நான் திருப்பிச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒன்றை விட்டுவிட்டேன் என்று மறுபடியும் சொல்லித் தந்தார். தன்னைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு இடம் வரவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் இடம் இருந்தது. நான் வெங்காயப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் நான் எழும்பிவிட்டேன்.  எறும்புப் பகிடி திரும்ப வந்தது, ஆனாலும் நான் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. துரு, கயிறு, ஈரச்சாக்கு, விலகி நிற்பது எல்லாவற்றையும் அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. றொபேட் முன்வரிசையில் பொய்க்காலை நீட்டிக்கொண்டு இருந்தான்.

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "உதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?"

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய பெயர் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி 'எப்ப சொன்னவர்' என்பது. 

"யூரியூப்பிலை பாத்தனான்" என்றேன்.

"பாத்தியளே!" என்று தலைவர் மேசையில் தட்டினார். "வெளிநாட்டுக்காரன் எல்லாத்தையும் ஆராய்ஞ்செல்லோ சொல்லுவான். எங்களுக்கு வாய்ச்சது ஒரு வாய் திறக்காத மனுசன். செக்கிரெட்டரி, உதை அப்பிடியே எழுதும்!"

எழுதினேன். "செயலாளரின் ஆலோசனை ஏகமனதாக ஏற்கப்பட்டது." கை தட்டினார்கள்.

கயிறு வந்தது. வேறொரு கராஜில் பூட்டினோம். அந்த வாடை வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன் அவர் செத்துப்போனார். நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டோம். எங்கள் கரையில் இருந்து செத்தவீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

போன மார்கழியில் ஒரு காலை, பெரிய வள்ளம் ஒன்றை இழுக்கும்போது கயிறு அறுந்தது. மெத்தென்று ஒரு சத்தம். சாக்கோடு சேர்ந்து மணலில் விழுந்து கிடந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லோரும் மணலில் கீறியிருந்த கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.  பிறகு ஆளுக்காள் என் முதுகில் தட்டத் தொடங்கினார்கள்.

றொபேட் மணலில் பொய்க்காலை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"நீ இல்லையெண்டால் இண்டைக்கு என்ரை மற்றக் காலும் போயிருக்கும் மச்சான்" என்று என் கையைப் பிடித்தான்.

"அதுக்கென்ன" என்றேன்.